மைனர் பிள்ளைகளுக்கு வந்த பணம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டரில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். பெரும்பாலும் கருங்கல், நித்திரவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கிளைகள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தது. அதன்பிறகு வந்த மாதங்களில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளிலிருந்து பெண்கள் கைக்குழந்தையோடு வந்து நின்றார்கள். கையில் நிவாரணத் தொகைக்கான தாள் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தோறும் யாராவது வீட்டுக்கு வருகிறார்கள். பைக் விபத்தில் கணவரை இழந்தவர், பனையிலிருந்து விழுந்தவரின் மனைவி, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"அவரு போயிட்டாரு. பணம் என் பேருலதானே வரணும்? பிள்ளைங்களுக்கு எதுக்கு தனியா?"

உங்கள் பங்கு உங்கள் பெயரில் வரும். பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையது. வயது மூன்றானாலும் பதினாறானாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொத்துக்கு உடையவர்கள்தான். பதினெட்டு முடியும்வரை தாங்களே கையெழுத்துப் போட்டு நிர்வாகம் பண்ண முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுவரை பார்த்துக்கொள்கிறவர் கார்டியன்.

முதல் நாளே தனித்தனிக் கணக்குத் தொடங்கிவிடுங்கள். உங்களுக்கு ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. ஒரே கணக்கில் எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் ஐந்து வருடம் கழித்து எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க நேரமிருந்தால் இதை வையுங்கள்.

"யாருக்கு எவ்வளவு பங்கு? மாமியாருக்கும் உண்டுன்னு சொல்லுதாங்களே?"

உயில் இல்லாவிட்டால் குடும்பம் எந்த மதம் என்பதைப் பொறுத்தது. நம் மாவட்டத்தில் மூன்று மதத்தாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாக இருந்தது உங்களுக்குப் பொருந்தாமல் போகும். கணவரின் சொத்து 24 லட்சம், மனைவி, ஒரு மகன், ஒரு மகள், கணவரின் தாய் இருக்கிறார்கள், தந்தை இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் வருட வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமமாக ஆறாறு லட்சம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் வருடச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆக மூவருக்கும் எட்டெட்டு லட்சம், மாமியாருக்குப் பங்கு இல்லை. முஸ்லிம் குடும்பம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு.

கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னும் ஒரு குழப்பம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கிருந்த பழைய கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது ஐந்தாயிரம் ரூபாய், எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை மட்டும். அந்தக் கணக்கை மனதில் வைத்து "பொட்டப்பிள்ளைக்கு என்ன பங்கு" என்று கேட்கும் பெரியவர்களை இன்றும் பார்க்கிறேன். 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்கு.

விபத்து வழக்கில் தீர்ப்பாயம் தரும் இழப்பீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பிலேயே எழுதியிருப்பார்கள்.

"வயித்துல இருக்குற பிள்ளைக்கும் உண்டா?"

உண்டு. அப்பா இறந்தபோது கருவில் இருந்து, பிறகு உயிரோடு பிறந்தால் மற்ற பிள்ளைகளைப் போலவே பங்கு. பிரசவத்துக்கு முன்பே பாகம் பிரிக்க அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"பேங்குல நாமினி நான்தான். அப்புறம் பிள்ளைக்கு எதுக்கு பங்கு?"

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள். வாங்கி, வாரிசுகளுக்கு உரியதை அவரவருக்குக் கொடுக்க வேண்டியவர். மைத்துனர் பெயரில் நாமினேஷன் இருந்தாலும் இதே விதி. "என் பேருதான் எழுதியிருக்கு" என்று அவர் அந்தப் பணத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது.

ஆயுள் காப்பீட்டை இதோடு குழப்பாதீர்கள். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தப் பாலிசியில் அவர்களுக்குக் கூடுதலான உரிமை இருக்கிறது. பிள்ளையே நாமினியாக இருந்தால், அது மேஜராகும்வரை பணத்தை வாங்கிக்கொள்ளும் நபர் என்று ஒருவரின் பெயர் பாலிசியில் இருக்கும். அவருக்கும் அந்தப் பணம் சொந்தமில்லை.

"தாசில்தார் தந்த வாரிசு சான்று இருக்கு. கோர்ட்டுல இன்னொண்ணு வாங்கணுமா?"

இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாங்கும் வாரிசுச் சான்று, யாரெல்லாம் வாரிசு என்று சொல்வது. சிறிய தொகைக்கும், பட்டா மாற்றத்துக்கும், அரசு உதவிக்கும் பெரும்பாலும் அது போதும். நாமினி இல்லாத பெரிய டெபாசிட், ஷேர் போன்றவற்றுக்கு வங்கி சக்சஷன் சர்டிபிகேட் (இறந்தவரின் பணத்தை வாங்கும் உரிமைச் சான்று) கேட்கும். அதை நீதிமன்றம்தான் தரும்.

வாரிசுச் சான்று வந்ததும் பிள்ளைகளின் பெயர், வயது, எழுத்துப்பிழை எல்லாவற்றையும் ஆதாரோடும் பிறப்புச் சான்றோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர் என்று இருந்து, பதினெட்டு வயதில் பிள்ளை தன் டெபாசிட்டை எடுக்க முடியாமல் அலைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"நான் பெத்த அம்மா. எனக்கும் கார்டியன் ஆர்டர் வேணுமா?"

பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, டெபாசிட் தொடங்க ஆர்டர் தேவையில்லை. ரிசர்வ் வங்கி விதிகள் தாயைக் கார்டியனாக ஏற்கின்றன. "அப்பா வழி ஆம்பளை யாராவது கையெழுத்துப் போடணும்" என்று யாராவது சொன்னால் மேலாளரைப் பார்க்கக் கேளுங்கள். இந்துக் குடும்பங்களில் தந்தைக்குப் பின் தாய் இயற்கைக் கார்டியன் என்று 1956-ஆம் வருட இந்து மைனர், கார்டியன் சட்டமே சொல்கிறது.

முஸ்லிம் குடும்பங்களில் சற்று வேறு. பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு இருந்தாலும், பிள்ளையின் சொத்துக்குத் தந்தைக்குப் பிறகு தந்தை உயிலில் நியமித்தவர், அதன்பின் தந்தையின் தந்தை என்று வரிசை போகிறது. தாய் நிர்வகிக்க வேண்டுமானால் 1890-ஆம் வருடக் கார்டியன்கள் சட்டத்தின் கீழ் நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு நியமனம் வாங்குவதுதான் வழி. நிலம் விற்பது போன்ற பெரிய காரியம் வந்தால் கிறிஸ்தவத் தாய்மாரும் இதே வழியில் போவது நல்லது.

"பணத்த எதுல போட? பேங்கு வட்டி கம்மி. ஒருத்தரு நூத்துக்கு ரெண்டு தாறேங்குதாரு."

நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். நாணயமாகத் தொழில் பண்ணுகிறவர் அந்த வட்டியில் கடன் வாங்கிச் சமாளிக்க முடியாது. துக்க வீட்டுக்குப் பணம் வந்தது தெரிந்ததும் முதலில் வருகிறவர்கள் இவர்கள். தனியார் ஃபைனான்ஸ், பதிவில்லாத சீட்டு, நகைக்கடையில் மாதாமாதம் கட்டுகிற திட்டம் எதுவும் பிள்ளையின் பணத்துக்கு இடமில்லை. உங்கள் பங்கில் என்ன செய்வீர்களோ அது உங்கள் முடிவு. பிள்ளையின் பங்கு தொலைந்தால் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நான் பார்த்தவரை இப்படிப் பிரித்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்: பெரும்பகுதி வங்கியிலும் அஞ்சலகத்திலும் நிரந்தர டெபாசிட்டாக, முதிர்வு நாள் பிள்ளையின் படிப்புக்கு ஏற்றபடி பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பதினெட்டு வயது என்று வைத்து. ஒரே டெபாசிட்டாகப் போட்டால் ஐம்பதாயிரம் தேவைப்படும்போது பத்து லட்சத்தையும் உடைக்க வேண்டிவரும். ஒரு வங்கியில் ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு. தொகை பெரிதானால் இரண்டு மூன்று வங்கிகளில் போடுங்கள். மாதச் செலவுக்குப் பணம் வேண்டியவர்கள் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தைப் பார்க்கலாம். ஐந்து வருடம், தனிக்கணக்குக்கு 9 லட்சம் வரை. பிள்ளை பெயரில் போடுவதற்கு உங்கள் வரம்பு போகத் தனி வரம்பு.

பெண்குழந்தைக்குப் பத்து வயது ஆகாதிருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டம் நல்லது. வருடத்துக்கு 1.5 லட்சத்துக்கு மேல் அதில் கட்ட முடியாது. அதனால் மொத்தத் தொகையை டெபாசிட்டில் வைத்து, வருடாவருடம் கொஞ்சம் அதிலிருந்து மாற்றுவார்கள். பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம் என்பதையும் தெரிந்து வையுங்கள்.

தங்கமா என்று கேட்பார்கள். நம் ஊரில் நகை வீட்டில் இருந்தால் ஒருநாள் யாருடைய அவசரத்துக்காவது அடகுக்குப் போய்விடும். பிள்ளையின் பணத்தில் நகை வாங்கச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை.

"கோர்ட்டு பிள்ள பேருல டெபாசிட் போட்டுட்டு. வட்டியாவது எடுக்கலாமா?"

விபத்து இழப்பீட்டில் மைனர் பங்கை மேஜராகும்வரை டெபாசிட்டில் போட வேண்டும் என்பதற்கு 1994-இல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் இடையில் உடைக்கவோ அதன்மேல் கடன் வாங்கவோ முடியாது. வட்டியை மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கார்டியன் கணக்குக்கு அனுப்ப உத்தரவிட முடியும். உங்கள் உத்தரவில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வக்கீலிடம் சொல்லி மனுப்போடுங்கள். அசலில் பணம் வேண்டுமானாலும் இதே வழிதான்: பெரிய ஆபரேஷன், கல்லூரிக் கட்டணம் போன்ற காரணத்தையும் ரசீதையும் காட்டிக் கேட்க வேண்டும்.

"ஸ்கூல் பீஸுக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்தா பாவமா?"

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்டவர்கள் உண்டு. பாவமில்லை. பிள்ளையின் சாப்பாடு, படிப்பு, மருத்துவம் இவற்றுக்குப் பிள்ளையின் பணத்திலிருந்து செலவழிக்கக் கார்டியனுக்கு உரிமை உண்டு. முடிந்தவரை வட்டியில் நடத்துங்கள், அசலைத் தொடாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஒன்று வீதம். தேதி, எவ்வளவு எடுத்தேன், எதற்கு, மூன்றே பத்தி. ரசீதை அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வையுங்கள். கார்டியனை நீதிமன்றம் நியமித்திருந்தால் கணக்குக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. யாரும் நியமிக்காத தாயாக இருந்தாலும் எழுதுங்கள். பத்து வருடம் கழித்து "அம்மா, அப்பா பணம் என்ன ஆச்சு?" என்று மகன் கேட்கும் நாளில் அந்த நோட்டு இருந்தால் பேச்சு சண்டையாகாது. கருங்கல்லில் ஒரு தாய் இப்படி எழுதிய நோட்டை மகளின் பதினெட்டாவது பிறந்தநாளில் என் மேசைக்கே கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கத்தில் எழுதியிருந்தது: "ஸ்லேட்டு, பென்சில், 45 ரூபாய்".

"அவரு வாங்கின கடனுக்கு பிள்ளைங்க பணத்தையும் கேக்குதாங்க."

இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்து அவருடைய கடனை அடைக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்தச் சொத்தின் அளவுக்கு மேல் மனைவியோ பிள்ளைகளோ கைக்காசிலிருந்து கட்டக் கடமை இல்லை. வாய்ச்சொல்லாகக் கடன் என்று வருகிறவரிடம் தாள் கேளுங்கள். துக்கத்தில் இருக்கும்போது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கடன், படகுக் கடன் என்றால் அதோடு காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். பலருக்கு அது இருக்கும், தெரியாது.

"பத்து சென்ட் இருக்கு. விக்க முடியாட்டி ஒற்றிக்காவது குடுக்கலாமா?"

பிள்ளையின் பங்கும் அதில் இருந்தால், விற்பதற்கும் ஒற்றி வைப்பதற்கும் தானம் கொடுப்பதற்கும் மாற்றிக்கொள்வதற்கும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேலோ, பிள்ளை மேஜராகி ஒரு வருடத்துக்கு மேல் நீளும்படியோ பாட்டத்துக்கு விடுவதற்கும் அப்படியே. இந்து மைனர்களுக்கு மேலே சொன்ன 1956 கார்டியன் சட்டம், மற்றவர்களுக்கு 1890 சட்டத்தின்படி நியமனமும் அனுமதியும் என்று வழி வேறு, தேவை ஒன்று. அனுமதியில்லாமல் விற்றால் பிள்ளை பதினெட்டு முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்த விற்பனையை ரத்துசெய்யக் கேட்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர் அனுமதி இல்லாத நிலத்தை வாங்க மாட்டார். வாங்குகிறவர் பாதி விலைக்குக் கேட்பார்.

ரப்பர் தோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்வெட்டுக்கு ஆளை வைத்துப் பங்கு பிரிப்பது வேறு, மரத்தைக் கடும்வெட்டுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடுவது வேறு. கடும்வெட்டு என்றால் மரத்தில் இருக்கும் பால் முழுவதையும் எடுத்துவிடுவது, அது முடிந்தால் மரம் போய்விடும். அது பிள்ளையின் அசலையே விற்பது போன்றது.

"கொழுந்தன்மாரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்லுதாங்க. பிள்ளைக்கும் சேத்து."

உங்கள் பங்கை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பிள்ளையின் பங்கை விட உங்களுக்கு அதிகாரம் இல்லை. மேலே விற்பனைக்குச் சொன்ன அனுமதி இதற்கும் வேண்டும். "பிற்பாடு பாத்துக்கலாம், இப்ப போடு" என்று பதிவு அலுவலகத்துக்கே வண்டியில் கூட்டிப்போவார்கள். படிக்காமல் போடாதீர்கள்; பத்திரத்தின் நகலை வாங்கிவந்து ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் போவேன் என்று சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

"நான் மறுகல்யாணம் பண்ணினா பணத்த பிடுங்கிப்பாங்களா?"

இல்லை. உங்களுக்கு ஏற்கனவே வந்துசேர்ந்த பங்கு உங்களுடையதே. மறுமணத்தால் தாய் என்ற நிலையும் போகாது. ஆனால் இந்துச் சட்டப்படி மாற்றாந்தந்தை இயற்கைக் கார்டியன் ஆக மாட்டார். பிள்ளையின் கணக்கில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். அவருடைய நல்ல பெயருக்கும் அதுதான் பாதுகாப்பு.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க. நான் பாட்டி, வளக்கேன். பேங்குல கையெழுத்து போட முடியல."

தாயும் தந்தையும் இல்லாதபோது பாட்டிக்குத் தானாகக் கார்டியன் உரிமை வராது. 1890 சட்டத்தின் கீழ் நியமனம் வாங்க வேண்டும், நாகர்கோவில் வக்கீல்களிடம் "ஜி.டபிள்யூ.ஓ.பி." (கார்டியன் நியமன மனு) என்றால் புரியும். வயதான பாட்டி என்றால் கூடவே ஒரு இளையவரும் மனுவில் இருப்பது நல்லது. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

"வட்டிக்கு வருமான வரி வருமா?"

வாரிசாக வந்த அசலுக்கு வரி இல்லை. அதில் வரும் வட்டிக்கு உண்டு. மைனரின் வட்டி, பெற்றோரில் வருமானம் கூடியவரின் வருமானத்தோடு சேரும். தந்தை இல்லையென்றால் தாயோடு. இரண்டு பேரும் இல்லாத பிள்ளைக்கு அதன் பெயரிலேயே கணக்கு. கார்டியன் பிரதிநிதியாகத் தாக்கல் செய்வார். பிள்ளைக்கும் பான் அட்டை எடுத்துவிடுங்கள், மைனருக்கும் தருவார்கள்.

"கடலுக்குப் போனவரு திரும்பல. உடலும் கிடைக்கல. எப்ப வரை காத்திருக்க?"

ஏழு வருடம் செய்தி எதுவும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பொது விதி. ஒக்கியில் காணாமல் போன மீனவர்களுக்கு அவ்வளவு காலம் காத்திருக்காமல் தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது. எல்லாக் காணாமல் போதலுக்கும் அப்படி நடக்காது. ஆகவே முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் புகாரும் மீன்வளத் துறையில் எழுத்துமூலத் தகவலும் பதிவு செய்து நகல்களை வையுங்கள். ஏழு வருடக் கணக்குக்கும் காப்பீட்டுக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம்.

"சித்தப்பா ஏற்கனவே எடுத்து செலவழிச்சிட்டாரு. இனி என்ன செய்ய?"

பிள்ளை மேஜராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தாயோ வேறு நெருங்கியவரோ பிள்ளையின் சார்பில் இப்போதே வழக்குப் போடலாம். வங்கிக் கணக்கின் பழைய பதிவை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் யார் கையெழுத்தில் எவ்வளவு போனது என்று அதில் இருக்கும். பணம் இன்னும் மீதி இருந்தால், அன்றே வங்கிக்கு எழுதிக் கொடுத்து, மேற்கொண்டு எடுக்காமல் நிறுத்தி வைக்கக் கேளுங்கள். நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கினால் உறுதி. குடும்பப் பெரியவர்கள், பங்குத்தந்தை, ஜமாத் முன்னால் பேசித் தீர்க்க முடிந்தால் நல்லது. தீர்த்ததை எழுத்தில் வாங்குங்கள், பணம் பிள்ளையின் கணக்குக்கே வரட்டும்.

"பதினெட்டு ஆனதும் பையன் மொத்தத்தையும் எடுத்து பைக்கு வாங்கிருவான். தடுக்க முடியுமா?"

சட்டப்படி முடியாது. பதினெட்டு முடிந்த நாளிலிருந்து கணக்கு அவனுடையது, உங்கள் கையெழுத்து செல்லாது. அவனே ஆதார், பான், புகைப்படத்தோடு வந்து புதுக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கணக்கில் பரிவர்த்தனை நடக்காது. கல்லூரிக் கட்டணம் ஜூனில் கட்ட வேண்டியிருந்து பிறந்தநாள் மே மாதம் வந்தால், மார்ச்சிலேயே தாள்களைத் தயார் பண்ணுங்கள்.

நான் தாய்மாரிடம் சொல்வது, பதினைந்து வயதிலிருந்தே அவனை வங்கிக்குக் கூட்டிவரச் சொல்வதுதான். டெபாசிட் ரசீதை அவன் கையில் கொடுத்து முதிர்வு தேதியை அவனையே படிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன நோட்டில் அவனே ஒரு வருடம் எழுதட்டும். சின்னத்துறையிலிருந்து வந்த ஒரு பையன் அப்படி எழுதியவன். பதினெட்டு ஆனதும் என் பழைய கிளைக்குப் போய் டெபாசிட்டை இன்னும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறான். வட்டி மட்டும் அம்மாவின் கணக்குக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தானாம். அந்தச் சனிக்கிழமை அவன் அம்மா வந்து சொன்னார்.